பழைய கப் கேடட் டிராக்டர்ல ஸ்டியரிங் ஆட்டத்த எடுக்கணுமா, கீழ இருந்து ஆரம்பிங்க

பழைய கார்டன் டிராக்டர் (வீட்டுத் தோட்டத்துக்கான குட்டி டிராக்டர்) வாங்கினவங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், ஸ்டியரிங்க கால் சுத்து சுத்தறேன் முன் வீல் அசையவே மாட்டேங்குது, நேரா போன்னா ஒரு பக்கமா இழுக்குது, ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங் தண்டோட அடில இருக்கற பெட்டி) மாத்தணுமா பவர் ஸ்டியரிங் போடலாமான்னு. நானும் அதே கேள்வியோடதான் ஆரம்பிச்சேன். பாக்ஸத்தான் முதல்ல கழட்டினேன், ரெண்டு வார இறுதி போச்சு, திரும்ப மாட்டி ஓட்டிப் பாத்தா ஆட்டம் முக்கால்வாசி அப்படியே இருந்துச்சு. ஏன்னா ஆட்டம் பாக்ஸ்ல இல்ல, கீழ வீல்ல இருந்து மேல வரைக்கும் ஒவ்வொரு மூட்டுலயும் கொஞ்சம் கொஞ்சமா சேந்து இருந்துச்சு. அதனால இத எழுதறேன், புதுசா இந்த வேலைல இறங்கறவங்க தரையில இருந்து ஆரம்பிச்சு மேல போங்க, பாக்ஸ் கடைசி.

நான் இருக்கறது ஒஹாயோல, டிராக்டர் கப் கேடட் 122. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961ல கப் கேடட்ட மார்க்கெட்டுக்கு கொண்டு வந்தாங்க, கென்டக்கில இருக்கற லூயிவில் ஃபேக்டரில செஞ்சது, 1981ல அந்த பிசினஸ எம்டிடி கம்பெனிக்கு வித்துட்டாங்க. 122 வந்தது 1965ல இருந்து 67 வரைக்கும், 12 குதிரைசக்தி கோலர் கே301 இன்ஜின், வண்டி வெயிட் சுமார் 300 கிலோ. முன் ஆக்சில் முழுக்க வார்ப்பிரும்பு. அறுபது வருஷம் ஆனாலும் அந்த வார்ப்பு அப்படியே இருக்கு, தேஞ்சு போறது ஓட்டையும் பின்னும்தான். அத புதுப்பிச்சா இன்னும் ஒரு தலைமுறை ஓடும், அதுக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடறோம். உங்ககிட்ட வீல் ஹார்ஸோ ஜான் டியரோ மாதிரி வேற கம்பெனி வண்டி இருந்தாலும் பாக்ஸ் பகுதிய தவிர மத்ததெல்லாம் கிட்டத்தட்ட இதேதான்.

முதல்ல நோய எங்கன்னு கண்டுபிடிக்கணும். இதுக்கு ஒரு ரூபா செலவு இல்ல, ஒரு ஆள் கூட இருந்தா போதும். வண்டிய சமதரையில நிறுத்தி, வீல் தரையில இருக்கும்போதே, கூட இருக்கறவங்கள ஸ்டியரிங்க மெதுவா இடது வலதுன்னு ஆட்டச் சொல்லுங்க, நீங்க கீழ உக்காந்து ஒவ்வொரு மூட்டுலயும் விரல வைங்க, ஒரு பக்கம் அசையுது அடுத்த பக்கம் அசையலன்னா அங்க ஆட்டம் இருக்கு. சாக்பீஸால குறிச்சுக்கோங்க. அப்புறம் முன்னாடிய ஜாக்கில தூக்கி ஒவ்வொரு வீலையும் மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, பக்கவாட்டுலயும் ஆட்டுங்க. கடைசியா ஆக்சிலையே நடுவுல புடிச்சு முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க, இத நிறைய பேர் பாக்கறதே இல்ல.

சின்ன ஆட்டம்தானேன்னு விடாதீங்க, கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்பிண்டில் (முன் வீல தாங்கி திரும்பற தண்டு) ஆர்ம் நீளம் 4 இன்ச்னு வச்சுப்போம், முன் டயரோட ஆரம் 8 இன்ச், அப்ப டை ராட் (ரெண்டு முன் வீலையும் இணைக்கற கம்பி) முனைல 1/16 இன்ச் ஆட்டம் இருந்தா டயர் விளிம்புல அது 1/8 ஆயிடும், இந்த மாதிரி நாலஞ்சு மூட்டு சேந்தா வண்டி பாம்பு மாதிரி நெளிஞ்சுதான் போகும்.

கழட்டறதுக்கு முன்னாடி ஸ்பார்க் ப்ளக் வயர எடுத்துடுங்க, பேட்டரி நெகட்டிவ் கேபிள கழட்டுங்க, புல் வெட்டற டெக்க இறக்கிடுங்க, பின் வீல் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை போடுங்க. ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான், நிறுத்தி வைக்க ஸ்டாண்டு வேணும், அதுவும் ஃபிரேமுக்கு அடில, ஆக்சிலுக்கு அடில இல்ல, ஆக்சில் நடுவுல ஒரே பின்ல ஊசலாடற சாமான், அதுக்கு அடில ஸ்டாண்டு வச்சா வண்டி சாஞ்சுடும். சிமெண்ட் கல்ல அடுக்கி அதுமேல வண்டிய நிறுத்தற பழக்கம் தயவுசெஞ்சு வேணாம், கல்லு சொல்லாம கொள்ளாம நொறுங்கும், கீழ இருக்கறது உங்க கை.

எல்லா நட்டுலயும் துரு இளக்கற ஆயில முந்தின நாள் ராத்திரியே அடிச்சு வைங்க. இங்க பழைய ஆளுங்க ஆட்டோமேடிக் கியர் ஆயிலையும் அசிடோனையும் பாதிக்கு பாதி கலந்து ஊத்துவாங்க, நல்லாவே வேலை செய்யும், ஆனா தீப்பிடிக்கும், அது காயாம பக்கத்துல டார்ச் கொளுத்தக் கூடாது.

வீலும் டயரும்

காத்து கம்மியா இருந்தாலே ஸ்டியரிங் கனமாயிடும், இத சரி பண்ண பம்பு மட்டும் போதும், அதனால முதல்ல அத பாருங்க. 122ல முன்னாடி 4.80-8 ஒல்லி டயர் வரும், நிறைய பேர் பாக்க அழகா இருக்குன்னு 16x6.50-8 அகல டயர் போட்டு வச்சிருப்பாங்க. அகல டயர் புல்தரைல பள்ளம் விழாம போகும், ஈர மண்ணுல புதையாது, அதெல்லாம் சரி, ஆனா அந்த ரிம் வீல வெளிய தள்ளுதுன்னா ஸ்பிண்டில் திரும்பற அச்சுக்கும் டயர் தரைய தொடற இடத்துக்கும் தூரம் கூடும், ஒவ்வொரு கல்லுல ஏறும்போதும் அந்த தூரம் நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு ஸ்டியரிங்க உங்க கையில இருந்து புடுங்கும். அதனால அகல டயர் வேணும்னா வீல வெளிய தள்ளாத ஆஃப்செட் இருக்கற ரிம்மா பாத்து வாங்குங்க. ஏர் உழறதுக்கு வாங்கினீங்கன்னா மூணு வரி ரிப் டயர் போடுங்க, மண்ண புடிச்சுக்கிட்டு திரும்பும், புல்தரைக்கான டர்ஃப் டயர் உழுத மண்ணுல நேரா வழுக்கிக்கிட்டு போகும்.

வீல் பேரிங்ல, 3/4 இன்ச் ஸ்பிண்டிலுக்கு வெளி விட்டம் 1-3/8 இன்ச் இருக்கற காலர் வச்ச பால் பேரிங் இங்க எந்த பார்ட்ஸ் கடையிலயும் கிடைக்கும். சில வண்டில பேரிங்குக்கு பதிலா வெறும் புஷ் (குண்டு இல்லாத உலோகக் குழல்) போட்டிருப்பாங்க, அந்த ஹப் ஓட்டை அளவு ஒத்துவந்தா அதுலயும் இந்த பேரிங்க போடலாம், செலவுக்கு கிடைக்கற பலன் ரொம்ப பெருசு. வாங்கறதுக்கு முன்னாடி வெர்னியர்ல உங்க ஸ்பிண்டில அளந்துடுங்க, முன்னாடி வச்சிருந்தவர் என்னத்த மாத்தினாருன்னு நமக்குத் தெரியாது, சில வண்டில 1 இன்ச் ஸ்பிண்டில் இருக்கும். பேரிங்க அடிச்சு ஏத்தும்போது வெளி வளையத்துல மட்டும் அடி விழணும், பழைய சாக்கெட் ஒண்ண அளவா பாத்து வச்சு அடிங்க.

ஸ்பிண்டில்

பாதி ஆட்டம் இங்கதான் ஒளிஞ்சிருக்கும். ஸ்பிண்டிலோட செங்குத்து தண்டு ஆக்சில் முனைல இருக்கற ஓட்டைக்குள்ள நிக்குது, வருஷக்கணக்கா கிரீஸ் பாக்காம ஓட்டை முட்டை வடிவமா தேஞ்சிருக்கும். மேல இருக்கற கிளிப்போ பின்னோ எடுத்துட்டு ஸ்பிண்டில இறக்குங்க. வராம அடம் புடிச்சா சூடு காட்டி, கட்டைய வச்சு தட்டுங்க, வார்ப்பிரும்புல நேரா சம்மட்டியால அடிச்சா விரிசல் விடும்.

தண்டுல விரல் நகம் மாட்டற அளவுக்கு பள்ளம் இருந்தா ஸ்பிண்டில மாத்துங்க, இல்ல வெல்டு நிரப்பி லேத்துல கடைஞ்சு வாங்குங்க. ஓட்டைய பெருசு பண்ணி வெண்கல புஷ் இறக்கணும், 3/4 தண்டுக்கு உள் விட்டம் 3/4 வெளி விட்டம் 7/8 புஷ் சாதாரணமா கிடைக்கும். இந்த ஓட்டைய கை டிரில்லால பெருசு பண்ணவே பண்ணாதீங்க, கோணம் மாறிடுச்சுன்னா ரெண்டு வீலும் ரெண்டு திசைய பாக்கும், ஆக்சில மிஷின் ஷாப்புக்கு தூக்கிட்டுப் போய் மில்லிங் மிஷின்ல புடிச்சு பண்ணச் சொல்லுங்க. புஷ் ஒண்ணு ரெண்டு தவ் (ஒரு தவ்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) இறுக்கமா ஏறணும், ஏறினதும் உள் ஓட்டை கொஞ்சம் சுருங்கும், அப்புறம் ரீமர் (ஓட்டைய அளவா செதுக்கற கருவி) விட்டு தண்டுக்கு ரெண்டுல இருந்து நாலு தவ் இடைவெளி கொடுக்கணும். ஆயில் ஊறின வகை புஷ் வாங்கினா மட்டும் உள்ள ரீமர் விடாதீங்க, அதோட நுண் ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும். கிரீஸ் நிப்பிள் இருக்கற இடத்துக்கு என் சாய்ஸ் கெட்டி வெண்கலம்தான், கிரீஸ் போற ஓட்டைய புஷ்லயும் நேருக்கு நேரா போட மறக்காதீங்க, இத மறந்தா நிப்பிள்ல எவ்வளவு அடிச்சாலும் கிரீஸ் உள்ள போகாது.

இப்ப முழு வேலைலயும் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயத்துக்கு வர்றேன். ஸ்பிண்டில் தோளுக்கும் ஆக்சில் அடிப்பகுதிக்கும் நடுவுல வண்டி வெயிட் முழுக்க உக்காந்திருக்கும், கம்பெனில வெறும் வாஷர்தான் போட்டிருப்பாங்க, இரும்பு மேல இரும்பு உரசித்தான் திரும்புது. அந்த வாஷருக்கு பதிலா நீடில் த்ரஸ்ட் பேரிங் போடுங்க, உள் விட்டம் 3/4, வெளி விட்டம் 1-1/4, அதுக்கு மேலயும் கீழயும் கெட்டி வாஷர் ஒண்ணொண்ணு. பேரிங் 5/64 இன்ச், வாஷர் ஒவ்வொண்ணும் 1/32 இன்ச், மொத்தம் 9/64 இன்ச் உயரம் ஆகுது, பழைய வாஷர எடுத்தப்புறம் அந்த இடம் இருக்கா, மேல கிளிப் போடற பள்ளம் வெளிய தெரியுதான்னு முதல்ல பொருத்திப் பாருங்க. சேறு உள்ள போகாம இருக்க சுத்தி ஒரு ஓ ரிங் போட்டுட்டு கிரீஸ் நல்லா அப்புங்க. நின்ன இடத்துல ஸ்டியரிங் திருப்பறதுல வர்ற வித்தியாசத்த நீங்களே கையில உணர்வீங்க, ரெண்டு பக்கமும் சேத்து வர்ற செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டு செலவுதான்.

நடு பின்

ஆக்சில் மேடு பள்ளத்துல ஊசலாடறது நடு பின்ல. அந்த பின்னும் தேயும், பின் நிக்கற ஓட்டையும் தேயும், அதோட ஆக்சில முன்னும் பின்னும் அணைச்சு புடிச்சிருக்கற ஃபிரேம் சேனலும் விரிஞ்சுடும். மத்த எல்லா மூட்டையும் புதுசாக்கிட்டு இத விட்டீங்கன்னா ஸ்டியரிங் திருப்பும்போது முதல்ல ஆக்சில் கோணலாகும், அப்புறம்தான் வீல் திரும்பும். எடுத்து பின்ன மாத்துங்க, ஓட்டைக்கு புஷ் போடுங்க, பின்ல கிரீஸ் போக வழி இல்லன்னா ஒரு நிப்பிள் வச்சு வழி பண்ணுங்க.

சேனல் விரிஞ்சதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இடைவெளிய ஃபீலர் கேஜ்ல (இடுக்க அளக்கற மெல்லிய தகடுகள்) அளந்து அதே தடிமனுக்கு ஷிம் (இடைவெளிய அடைக்கற தகடு) வெட்டி போடறது. இன்னொண்ணு கப் கேடட் ஆளுங்க ரொம்ப நாளா பண்றது, சேனல் பக்கவாட்டுல ஓட்டை போட்டு நட்டு வெல்டு வச்சு, போல்ட் முனை ஆக்சில் பக்கத்த லேசா தொடற மாதிரி திருகி லாக் நட்டு போடறது, பின்னாடி தேஞ்சா கால் சுத்து திருகினா போதும். எனக்கு ரெண்டாவதுதான் சரியா படுது. ஆனா போல்ட்ட இறுக்கிடக் கூடாது, ஆக்சில் ரெண்டு பக்கமும் தன்னால ஊசலாடணும், இறுக்கமா இருந்தா மேட்டுல ஒரு முன் வீல் அந்தரத்துல தொங்கும், வண்டி கவுற வாய்ப்பும் கூடும்.

டை ராடு, டிராக் லிங்க்

டிராக் லிங்க்னா பாக்ஸ் லீவர்ல இருந்து ஸ்பிண்டிலுக்கு போற கம்பி. இதுல பெருசா யோசிக்க ஒண்ணுமில்ல, பால் ஜாயிண்ட் கிண்ணம் தேஞ்சிருந்தா மாத்துங்க. ஹைம் ஜாயிண்ட் (கம்பி முனைல வளையத்துக்குள்ள உருண்டை வச்ச மூட்டு) போடலாமான்னு கேப்பீங்க, போடலாம், ஆட்டம் சுத்தமா போயிடும், முனை ஒண்ணு வலது த்ரெட் இன்னொண்ணு இடது த்ரெட் போட்டு நடுவுல ஸ்டீல் குழாய் வச்சா கழட்டாமலே நீளம் சரி பண்ணலாம். ஆனா அதுக்கு ரப்பர் மூடி இல்ல, மண்ணும் மணலும் உள்ள போய் ரெண்டு மூணு வருஷத்துல கடகடன்னு ஆயிடும், அதனால தனியா விக்கற ரப்பர் மூடியும் சேத்து வாங்குங்க. ஹைம போல்ட்ல மாட்டும்போது ரெண்டு பக்கமும் கூம்பு வாஷர் வச்சா ஆக்சில் ஊசலாடும்போது இடிக்காது, வெளிப்பக்கம் ஒரு பெரிய வாஷரும் போடுங்க, ஜாயிண்ட் உடைஞ்சாலும் ராடு கழண்டு விழாம அது தாங்கும். ஜாம் நட்டு (திருகு தன்னால சுத்தாம இறுக்கிப் புடிக்கற நட்டு) இல்லாம எந்த ராடையும் மாட்டாதீங்க, ஓட்டத்துல சுத்திக்கிட்டே கழண்டு வந்தா ஸ்டியரிங்கே இல்லாம போயிடும்.

இப்பத்தான் பாக்ஸ்

122ல இருக்கறது ராஸ் கேம்-லீவர் பாக்ஸ். ஸ்டியரிங் தண்டோட அடில திருகு மாதிரி ஒரு கேம், அந்த கேம் பள்ளத்துக்குள்ள லீவர்ல இருந்து நீட்டிக்கிட்டு இருக்கற கூம்பு ஸ்டட்டு உக்காந்திருக்கு, தண்டு சுத்தும்போது ஸ்டட்டு நகந்து லீவர ஆட்டுது. இதோட அருமை என்னன்னா எல்லாமே அட்ஜஸ்ட் பண்ணலாம்.

கழட்டணும்னா ஸ்டியரிங் வீல்தான் பெரிய சோதனை, தண்டு பல்லுல துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். நட்டுமேல சுத்தியலால அடிக்காதீங்க, த்ரெட்டும் போகும் கீழ பேரிங் கோலிக்குண்டும் அடி வாங்கும். நட்ட தண்டு முனையோட சமமா நிறுத்தி, புல்லர் மாட்டி இழுவைல வச்சு, ஆயில் ஊத்தி, அப்படியே ராத்திரி முழுக்க விட்டுடுங்க. என்னுது மூணாவது நாள் காலைல டமால்னு சத்தத்தோட வந்துச்சு, அவசரப்பட்டிருந்தா வீலு உடைஞ்சிருக்கும்.

உள்ள சுத்தம் பண்ணி ஸ்டட்டோட கூம்ப பாருங்க, ஒரு பக்கம் தட்டையா தேஞ்சிருந்தா அத திருகி தேயாத பக்கம் கேம் பள்ளத்த பாக்கற மாதிரி வைங்க, எல்லா பக்கமும் தேஞ்சிருந்தா புதுசு. கேம் பள்ளத்துல நடுப்பகுதி பேந்து போயிருந்தா மட்டும்தான் பாக்ஸ மாத்தற பேச்சே.

அட்ஜஸ்ட் பண்ற வரிசை முக்கியம், மாத்திப் பண்ணா ஒண்ணு இன்னொண்ண கெடுக்கும். முதல்ல அடில காட்டர் பின் எடுத்து ப்ளக்க திருகி தண்டோட மேல் கீழ் ஆட்டத்த எடுங்க, தண்டு தடையில்லாம சுத்தணும், பின்ன திரும்ப போடுங்க. அடுத்து லீவர் தட்ட புடிச்சிருக்கற நட்டு, தட்டுக்கும் ஹவுசிங்குக்கும் 3/32 இன்ச் இடைவெளி வர்ற மாதிரி வச்சு லாக் பண்ணுங்க. கடைசியா ஸ்டட்டு. இத பண்ணும்போது ஸ்டியரிங் நட்ட நடுவுல இருக்கணும், இந்த கோடில இருந்து அந்த கோடி வரைக்கும் சுத்த எண்ணி அதுல பாதிக்கு கொண்டு வாங்க. கேம் பள்ளம் நடுவுலதான் ரொம்ப நெருக்கமா வெட்டியிருக்கும், நேரா போகும்போது ஆட்டம் இருக்கக் கூடாதுன்னு வேணும்னே அப்படி செஞ்சது. ஓரத்துல வச்சு ஸ்டட்ட இறுக்கிட்டா நடுவுக்கு வரும்போது மாட்டிக்கும், கேமும் தேயும். நடுவுல லேசா இழுக்கற மாதிரி தெரிஞ்சதும் நிறுத்தி ஜாம் நட்ட இறுக்குங்க.

உள்ள போட கெட்டி கிரீஸ் வேணாம், கேம் அத ஒரு தடவ ஓரமா தள்ளிட்டா திரும்ப வராது. சோளம் அறுவடை மிஷினோட முன் பகுதி கியருக்குன்னே ஒரு 0 நம்பர் கிரீஸ் விக்கறாங்க, கூழ் மாதிரி இருக்கும், நகந்து நகந்து திரும்ப பள்ளத்துக்கே வரும், சீல் வழியாவும் ஆயில் மாதிரி ஒழுகாது.

டோ இன்

டோ இன்னா முன் வீல் ரெண்டும் முன்பக்கம் லேசா உள்பக்கமா சாஞ்சு நிக்கறது. எல்லாம் மாட்டினப்புறம் வண்டிய தரையில இறக்கி நாலடி முன்னால உருட்டிட்டு அளங்க. ரெண்டு முன் வீல் ரிம்முக்கும் நடுவுல, ஹப் உயரத்துல, முன்பக்கம் எவ்வளவு பின்பக்கம் எவ்வளவு. முன்பக்க அளவு 1/8 இன்ச் கம்மியா இருக்கணும். டை ராட திருகி சரி பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் உருட்டிட்டு அளங்க, இல்லன்னா அளவு பொய் சொல்லும்.

லோடரும் பவர் ஸ்டியரிங்கும்

முன்னாடி லோடர் (மண் அள்ளற வாளி) மாட்டற எண்ணம் இருந்தா மட்டும் ஆக்சில் அப்கிரேடு யோசிங்க. 3/4 தண்டுக்கும் 1 இன்ச் தண்டுக்கும் பாக்க கால் இன்ச்தான் வித்தியாசம், ஆனா வளையாம தாங்கற பலம் விட்டத்த விட்டத்தாலயே மூணு தடவ வச்சு பெருக்கற கணக்குல கூடும், அதாவது கிட்டத்தட்ட 2.4 மடங்கு. கனமான மாடல்ல இருந்து 1 இன்ச் ஸ்பிண்டில் ஆக்சில் கிடைச்சா ரொம்ப நல்லது, இல்லன்னா செவ்வக ஸ்டீல் குழாய்ல செய்ய வைங்க, ஸ்பிண்டில் சாய்வு கோணத்த பழைய ஆக்சில்ல இருந்தே எடுங்க. பழைய வார்ப்பு ஆக்சில்ல பட்டை வச்சு வெல்டு அடிச்சு பலப்படுத்தறேன்னு கிளம்பாதீங்க, சரியா சூடு ஏத்தி நிக்கல் ராடுல பண்ணாத வெல்டு ஓரத்துலயே விரிசல் விடும். லோடர் போட்டா பின்னாடி எடைக்கல்லும் கட்டாயம்.

பவர் ஸ்டியரிங், ஜான் டியர் 318 மாதிரி 1980கள்ல வந்த சில டிராக்டர்ல கம்பெனிலயே வந்துச்சு, அதுல ஹைட்ராலிக் பம்பு இருக்கு. 122ல அந்த பம்பே கிடையாது. கார்ல இருந்து எலக்ட்ரிக் ஸ்டியரிங் காலம் எடுத்து மாட்டறவங்க இருக்காங்க, ஆனா அது நின்ன இடத்துல திருப்பும்போது 40 ஆம்பியருக்கு மேல கேக்கும், நம்ம வண்டில இருக்கற ஸ்டார்ட்டர் ஜெனரேட்டர் அதுல பாதிகூட கொடுக்காது. த்ரஸ்ட் பேரிங்கும் நல்ல புஷ்ஷும் போட்டப்புறம் என் வண்டிய எங்க வீட்டுல பத்தாவது படிக்கற பொண்ணு ஒத்தக் கையால திருப்பறா, அதனால நான் அந்த பக்கமே போகல.

முதல் ஓட்டம் சமதரையில முதல் கியர்ல போங்க, ரெண்டு பக்கமும் கோடி வரைக்கும் திருப்பி டயர் எங்கயும் இடிக்குதான்னு பாருங்க. பத்து மணி நேரம் ஓடினப்புறம் எல்லா ஜாம் நட்டையும் ஒரு சுத்து ஸ்பேனர் போட்டுப் பாருங்க, ஸ்டட்ட மறுபடி கொஞ்சம் இறுக்க வேண்டி வரும், புதுசா மாட்டினதெல்லாம் படியறப்ப அது சகஜம். கிரீஸ் அடிக்கும்போது வண்டிய தூக்கி வீல் தொங்கற நிலைல அடிங்க, வெயிட் மேல உக்காந்திருந்தா த்ரஸ்ட் பேரிங் பக்கம் கிரீஸ் போகவே போகாது, பழைய கறுப்பு கிரீஸ் வெளிய வந்து புதுசு எட்டிப் பாக்கற வரைக்கும் அடிங்க.